பின்மண்டையில் ஒரு காந்தத் தட்டல்

பெயரில்தான் சிறுமை. பின்மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் சிறுமூளை, மூளையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி வரை அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. நடை தள்ளாடாமலும் கை தடுமாறாமலும் பார்த்துக்கொள்வதே அதன் வேலை என்று நெடுங்காலம் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. சிறுமூளை பழுதானவர்களுக்குச் சிந்தனையும் உணர்ச்சியும்கூடத் தடுமாறுவதை 1998-ல் அமெரிக்க நரம்பியலாளர் ஜெரமி ஷ்மாமன் விவரித்தார். மனநல மருத்துவர்களின் பார்வையும் பின்மண்டைப் பக்கம் திரும்பியது.

மண்டையைத் திறக்காமலே மூளையைத் தூண்டும் வழி 1985-ல் கிடைத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் தலைமேல் கம்பிச் சுருளை வைத்து, அதில் கணநேரம் மின்சாரம் பாய்ச்சினர். சுருளில் எழும் காந்தப்புலம் எலும்பைக் கடந்து உள்ளே சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும், நரம்பணுக்கள் விழித்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தட்டினால் அவற்றின் போக்கே சிறிது காலத்துக்கு மாறும். மனச்சோர்வுக்கு இந்த முறையில் மூளையின் முன்பகுதியைத் தூண்ட 2008-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

சிறுமூளையில் இதை முயன்று பார்த்ததில் இந்தியாவுக்கும் பங்குண்டு. ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனத்தில் ஷோபித் கர்க், சாய் கிருஷ்ண திக்கா முதலியோர் மனச்சிதைவு நோயாளிகள் 40 பேரை இரண்டாகப் பிரித்தனர். 20 பேருக்கு நிஜத் தூண்டல். 20 பேருக்கு வெறும் பாவனை. இரண்டு வாரங்களில் 10 அமர்வுகள். 2016-ல் முடிவு வெளியாயிற்று. பேச்சு வற்றி, முகம் உணர்ச்சியிழந்து, எதிலும் ஒட்டாமல் ஒடுங்கிவிடும் அறிகுறிகள் நிஜத் தூண்டல் பெற்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்திருந்தன. மாத்திரைகள் காதில் ஒலிக்கும் குரல்களை அடக்கும். இந்த ஒடுக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. வீட்டார் தவிப்பதோ பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

2019-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தனர்: சிறுமூளைக்கும் முன்மூளைக்கும் உள்ள தொடர்பு தளர்ந்தால் ஒடுக்கம் கூடுகிறது, தூண்டலால் தொடர்பு சீரானால் குறைகிறது.

ஆனால் 40 பேர் நம்பிக்கைக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. அதைக் காட்டியவர்களும் கர்க், திக்கா குழுவினரே. மருந்துக்கு அடங்காத நோயாளிகளிடம் அமர்வுகளை நெருக்கி வைத்து அவர்கள் செய்த சோதனை 2021-ல் வெளியானது. நிஜத்துக்கும் பாவனைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. தீங்கில்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. தோல்வியையும் மறைக்காமல் அச்சேற்றியதில்தான் அறிவியலின் நாணயம் இருக்கிறது.

திக்கா பின்னர் ஹைதராபாத்தை அடுத்த பீபீநகர் எய்ம்ஸில் சேர்ந்தார். இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் ஏட்டில் 2023-ல் வந்த காந்தத் தூண்டல் வழிகாட்டு நெறிகளில் முதல் பெயர் அவருடையது.

நெறிகள் ஏட்டில் இருக்கின்றன. விளம்பரங்கள் தெருவில் இருக்கின்றன. பின்மண்டையில் சுருளை வைக்குமுன் வீட்டார் மூன்று கேள்விகள் கேட்கலாம். இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வென்றால் எதற்காகப் பணம்? வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகமோ இதயத்தில் பேஸ்மேக்கரோ உண்டா என்று நோயாளியை யாராவது விசாரித்தார்களா? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சுருளுக்கும் வேலையில்லை, நோயாளிக்கும் வேலையில்லை.