விமானிகளின் வாழ்வுக்கு உறுதி எங்கே?

நோய் எந்தத் தொழிலாளிக்கும் துன்பந்தான். ஆகாய விமானம் ஓட்டுபவனுக்கோ அது துன்பத்தோடு நிற்பதில்லை. அன்றைக்கன்றே தொழிலையும் பறித்துவிடுகிறது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் வக்கீல் கோர்ட்டில் வாதிக்கலாம். உபாத்தியாயர் பாடம் சொல்லலாம். மந்திரி ராஜ்யத்தையே ஆளலாம். அமெரிக்காவில் அதே ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவன் 2019 நவம்பர் வரையில் பிரயாணிக் கம்பெனியின் விமானத்தை ஓட்ட முடியாது. மனச்சோர்வுக்கு மருந்து உண்பவனுக்கும் 2010 வரையில் அங்கே இடமில்லை. அவ்வாண்டில்தான் நான்கு மருந்துகளை மட்டும் நிபந்தனைகளுடன் அனுமதித்தார்கள். நாற்பது வயதைக் கடந்த தலைமை விமானி ஆறு மாதத்திற்கு ஒரு முறை வைத்தியப் பரீட்சையில் தேறியாக வேண்டும்.

இக்கண்டிப்பை நாம் குறைகூறவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து செல்பவனிடம் தாட்சண்யம் காட்டலாகாது. ஆனால் பொதுஜன க்ஷேமத்தின் பொருட்டு ஒருவனுடைய ஜீவனோபாயத்தை நிறுத்தும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டென்றால், அவன் குடும்பத்தின் கதி என்னவென்று விசாரிக்கும் கடமையும் அதே சர்க்காரைச் சார்ந்ததன்றோ?

விமானிக்கு மூன்று காப்புகள் உண்டென்று கூறுவர். உடல் தகுதி இழந்தால் உதவித் தொகை, நோயுற்றால் வைத்தியச் செலவு, வயதானால் பென்ஷன். பெயரளவில் மூன்றும் வெவ்வேறு. ஆராய்ந்து பார்ப்பின், மூன்று பானைகளும் ஒரே உறியில் தொங்குவது புலனாகும். அந்த உறி கம்பெனி உத்தியோகம். அது அறுந்தால் மூன்றும் ஒருசேர விழுகின்றன.

முதலாவது, உடல் தகுதி. அமெரிக்க சர்க்காரின் சமூகக் காப்பு நிதி, எவ்விதமான கணிசமான வேலையும் செய்ய இயலாதவனுக்கே உதவுகிறது. ஆகாயத்தில் தகுதியிழந்த விமானியோ தரையில் திடகாத்திரன். கணக்கெழுதவோ கடை நடத்தவோ அவனால் முடியுமென்று காரணங்காட்டி மனுவைத் தள்ளிவிடலாம். தனியார் இன்ஷ்யூரன்ஸ் பத்திரங்களிலும் இந்த வேறுபாடே உயிர்நிலை. ‘தன் தொழிலைச் செய்ய இயலாமை’ என்ற ஷரத்து அவனைக் காக்கும். ‘எத்தொழிலும் செய்ய இயலாமை’ என்ற ஷரத்து அவனைக் கைவிடும். ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, வைத்தியம். இங்கிலாந்தில் 1948 முதல் வைத்திய உதவி பிரஜைக்கு உரியது, உத்தியோகத்தைப் பொறுத்ததன்று. அமெரிக்காவிலோ அது பெரும்பாலும் எஜமானர் தரும் சலுகை. வேலையை விட்டவன் பொதுவாகப் பதினெட்டு மாதம், முழுப் பிரீமியத்தையும் தானே கட்டி, அதைத் தொடரலாம். முதியோருக்கான சர்க்கார் வைத்தியக் காப்போ 65 வயதில்தான் தொடங்குகிறது. 2007 டிசம்பரில் சட்டம் மாறும் வரையில் விமானிகள் 60 வயதில் கட்டாயமாக விலக்கப்பட்டார்கள். ஓய்வு பெற்றோருக்குக் கம்பெனி உதவாவிடில் இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு வழி அவர்கள் பாடு. பழைய நோயைக் காட்டி இன்ஷ்யூரன்ஸை மறுக்கலாகாதென்ற விதி 2014ல்தான் அமலுக்கு வந்தது.

மூன்றாவது, பென்ஷன். இதில் நடந்ததே யாவற்றினும் கொடிது. 2002 டிசம்பரில் யுனைடெட் ஏர்லைன்ஸ் திவால் கோர்ட்டை நாடிற்று. 2005ல் அதன் பென்ஷன் திட்டங்களைக் கைவிடக் கோர்ட்டு சம்மதித்தது. பற்றாக்குறை சுமார் 980 கோடி டாலர். சர்க்காரின் பென்ஷன் உத்தரவாத ஸ்தாபனம் ஏற்றது சுமார் 660 கோடி. மிச்சம் ஊழியர் தலையில் விடிந்தது. அந்த ஸ்தாபனத்தின் உத்தரவாதத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2005ஆம் ஆண்டுக்கு வகுத்த வரம்பு, 65 வயதில் ஓய்வு பெறுவோருக்கு வருஷத்துக்குச் சுமார் 45,600 டாலர். 60 வயதினருக்குச் சுமார் 29,600 டாலர்தான். அறுபதில் போவென்று விரட்டியதும் சர்க்கார். அறுபதில் வந்தாயென்று குறைத்ததும் சர்க்கார்! யு.எஸ். ஏர்வேஸ் விமானிகளின் திட்டம் 2003லேயே முறிந்தது. டெல்டா விமானிகளின் திட்டம் 2006ல் முறிந்தது. 2009 ஜனவரியில் ஹட்ஸன் நதியில் விமானத்தை இறக்கி 155 உயிர்களைக் காத்த சல்லன்பெர்கர், மறுமாதமே அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் தமது சம்பளம் நாற்பது சதவிகிதம் குறைக்கப்பட்டதையும் பென்ஷன் பறிபோனதையும் எடுத்துரைத்தார். உலகம் மாலை சூட்டிய வீரருக்கே இந்த நிலை!

“பெருஞ்சம்பளம் வாங்குவோருக்கு இரங்குவானேன்?” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு 2015 மார்ச்சு 24ஆம் தேதி நடந்ததை நினைவூட்டுகிறோம். அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணை விமானி பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதினான். அவனுட்பட 150 பேர் மாண்டனர். மனநோயுற்றிருந்த அவன், டாக்டர்கள் எழுதித் தந்த ஓய்வுச் சீட்டுகளைக் கம்பெனியிடம் மறைத்திருந்தான். அக்கொடுஞ்செயலுக்குச் சமாதானம் கிடையாது. எனினும் பிரெஞ்சு விசாரணை அதிகாரிகள் 2016ல் வெளியிட்ட அறிக்கை மறைப்பின் காரணத்தையும் தொட்டது. தகுதியிழந்தால் வருமானம் போகும் என்ற அச்சம் உள்ளவரையில் விமானி தன் நோயைத் தானே அறிவிப்பானென்று நம்பியிருக்க முடியாது. ஆகவே அந்த நஷ்டத்தைத் தணிக்க வழி காண வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். ஜெர்மனியில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. குறைந்தது வருமானத்துக்கு உறுதி. உண்மையைச் சொன்னவனைப் பட்டினி போடும் ஏற்பாடு பொய்யை வளர்க்கும். அப்பொய்க்கு விலை கொடுப்பவர் பிரயாணிகள்.

நம் நாட்டிற்கும் இது அந்நிய விவகாரமன்று. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி பறப்பதை நிறுத்திற்று. அதன் ஊழியர்கள் பிராவிடண்டு நிதிக்கும் கிராஜுவிடிக்கும் கோர்ட்டுப் படியேறினார்கள். 2024 நவம்பரில் கம்பெனியைக் கலைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஐந்தாண்டுக்கு மேல் வழக்கைப் பார்த்துக்கொண்டு வயிறு காத்திருக்குமா?

ஆகவே நாம் கோருவது மூன்று. தன் தொழிலைச் செய்ய இயலாமை என்ற ஷரத்தோடு கூடிய வருமானக் காப்பு, லைசென்ஸுக்கே உரிய நிபந்தனையாகட்டும். அதன் பிரீமியத்தில் கம்பெனி பெரும்பங்கு ஏற்கட்டும். வைத்தியக் காப்பு விமானியின் பெயரில் இருக்கட்டும். கம்பெனி மாறினாலும் மறைந்தாலும் அது தொடரட்டும். பென்ஷன் பணம் மாதந்தோறும் தனி நிதியில் சேரட்டும். கம்பெனியின் கடன்காரர் கை அதைத் தீண்டாதிருக்கட்டும். பொய் மனுக்கள் பெருகுமென்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வோம்: லைசென்ஸை ரத்துச் செய்ய வைத்தியரின் தீர்ப்பு போதுமானால், உதவி வழங்கவும் அதே தீர்ப்பு போதும்.

இது விமானிகளுக்குக் காட்டும் தயையன்று; அவர்கள் ஏந்திச் செல்லும் ஜனங்களுக்குச் செலுத்தும் கடன். சர்க்கார் இதை உணர்ந்து காரியத்தில் இறங்க வேண்டும். மற்றொரு விபத்து வந்து உணர்த்தும் வரையில் காத்திருத்தல் தகாது.