பெயர் ஓடும் நேரம் முறுக்கு வாங்கும் நேரமா?

“பெயர்தானே ஓடுகிறது, படம் இன்னும் ஆரம்பமாகவில்லை” என்று முறுக்கு வாங்க எழுந்து போகிறவர்கள் உண்டு. உழைத்துக் களைத்துக் கொட்டகைக்கு வருகிறவரை நாம் குறை சொல்லவில்லை. பெயரெல்லாம் எதற்கு, தாண்டிப் போங்கள் என்று கைபேசியில் பொத்தானே வைத்துக் கொடுக்கும் கம்பெனிகளைக் கேட்கிறோம்: அந்த மூன்று நான்கு நிமிஷத்தில் விஷயமே இல்லையா?

1960-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தைப் பாருங்கள். ரோமாபுரிச் சீமான்களை எதிர்த்துக் கிளம்பிய அடிமைகளின் கதை. அதன் பெயர்ப் பகுதியை அமைத்தவர் சால் பாஸ் என்ற சித்திரக்காரர். நடிகர் முகம் ஒன்றைக்கூட அவர் காட்டவில்லை. கற்சிலைகளைத்தான் காட்டினார். விலங்கு பூட்டிய கை, வாள், ஆளுகிறவர்களின் இறுகிப்போன முகங்கள். கடைசியில் ஒரு ரோமானிய முகம் திரை நிறைய வந்து நிற்கிறது. விரிசல் விடுகிறது. துண்டு துண்டாக உதிர்கிறது! அசைக்க முடியாது என்றிருந்த சாம்ராஜ்யம் அசையும் என்று, ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்.

சங்கீதம் அலெக்ஸ் நார்த். காதல் மெட்டு அல்ல. எக்காளமும் முரசும் மோதுகின்றன. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அவை பொருட்காட்சிச் சாலைப் பொம்மைகள். சத்தத்தோடு பாருங்கள், அது போர்க்களம்!

“கலை வேறு, அரசியல் வேறு” என்று உபதேசம் செய்யும் பெரிய மனிதர்கள் அந்தக் கல்முகங்களுக்கு நடுவே வந்த எழுத்துக்களையும் படிக்கட்டும். திரைக்கதை: டால்ட்டன் ட்ரம்போ. யார் இவர்? கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறாயா என்று 1947-ல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி மிரட்டியபோது, பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் ஒருவர். ஸ்டூடியோ முதலாளிகள் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். 1950-ல் சிறை. ஆனால் அவர் பேனாவைப் படாதிபதிகள் விட்டார்களா? இல்லை! எழுத்து வேண்டும், பெயர் மட்டும் வேண்டாம். 1957-ல் ‘ராபர்ட் ரிச்’ என்ற கதாசிரியருக்கு ஆஸ்கார் பரிசு அறிவித்தார்கள். அந்த ஆள் வாங்க வரவில்லை. அந்தப் பெயருக்குள் மறைந்திருந்தவர் ட்ரம்போதான்!

மூல நாவலாசிரியர் ஹோவர்ட் ஃபாஸ்டும் 1950-ல் சிறை சென்றவர். பதிப்பாளர்கள் மறுத்ததால் 1951-ல் நாவலைத் தாமே அச்சிட்டவர்.

துணியில் மில் முத்திரை உண்டு, நெய்தவன் பெயர் இல்லை. நெல் மூட்டையில் மிராசுதார் குறி உண்டு, அறுத்தவள் பெயர் இல்லை. ஹாலிவுட்டிலும் அதே நியாயம்தான். அந்த நியாயத்தில் விழுந்த விரிசல்தான் ட்ரம்போவின் பெயர். அமெரிக்கன் லீஜன் என்ற பிற்போக்குக் கூட்டம் கூச்சல் போட்டது. ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள்!

ஆகவே தோழர்களே, முறுக்கை இடைவேளையில் வாங்கிக்கொள்வோம். பெயர் ஓடும்போது கண்ணையும் காதையும் திறந்து வைப்போம். சித்திரம் யார் பக்கம் நிற்கிறது? முரசு யாருக்காக அடிக்கிறது? உழைத்தவன் பெயர் இருக்கிறதா, விழுங்கிவிட்டார்களா? கேட்போம்!