பாமினியா, யுனிகோடா?



ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே சண்டை. பாமினி பொன்டில் அடித்தால் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ்ச் சட்டை. அதனால்தான் நாம் அனுப்பும் வேர்ட் வினாத்தாளை வாப்பாவின் போனில் திறக்கும் பிள்ளைக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

1990 வெளியேற்றத்துக்குப் பிறகு புத்தளத்தில் இருந்துகொண்டு நம்மவர்கள் பாமினியில் அடித்த கடிதங்கள், குடும்பப் பட்டியல்கள் எத்தனை! இன்று போனில் ‘எருக்கலம்பிட்டி’ என்று தேடினால் அவற்றில் ஒன்றுகூட அகப்படாது.

“கை பழகிவிட்டது” என்கிறார்கள். நியாயம்தான். விரலை மாற்றவே வேண்டாம். என்.எச்.எம். ரைட்டரில் பாமினி முறையிலேயே அடிக்கலாம், விழுவது யுனிகோட். காசும் இல்லை. (இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்கும் கோபம்!)

பழைய ஃபைல்களையும் மாற்றலாம். லீவுக்குள் பென்டிரைவோடு வாருங்கள், மாற்றித் தருகிறேன்.