வேட்டுவன் கோயிலைச் செதுக்கிய கைகள்

கழுகுமலை வேட்டுவன் கோயிலை உளியும் சுத்தியலும் கொண்டு செய்திருக்கவே முடியாதாம். மறைந்துபோன ஏதோ கருவி, இல்லையென்றால் வேற்றுலகத்தார் உதவி இருந்திருக்க வேண்டுமாம். இளையரசனேந்தல் பக்கமிருந்து பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போய்வரும் இளைஞர்கள்கூடக் கைப்பேசியில் பார்த்து இதை நம்புகிறார்கள். நம் கல் தச்சர்களின் உழைப்பைப் பறித்து வேறு யாருக்கோ கொடுக்கும் பேச்சு இது.

உளியால் ஆகாது என்பதற்குக் கோயிலே பதில். பாண்டியர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், பாறையைச் சுற்றிலும் ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழம் வெட்டி இறக்கி, நடுவில் விட்ட கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே சிகரமும் மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும் முழுமையாக இருக்க, அடிப்பகுதி கரட்டுக் கல்லாகவே நிற்கிறது. மேலிருந்து கீழே வேலை வந்திருக்கிறது. இதில் மாயம் இல்லை, சிக்கனம் இருக்கிறது: வெட்டாத பாறையே நிற்க இடம் தந்ததால் சாரம் கட்ட வேண்டியதில்லை.

இந்த வேலை திடீரென முளைத்ததும் அல்ல. 7ஆம் நூற்றாண்டிலேயே மாமல்லபுரத்தில் பல்லவர்கள் ஒற்றைக்கல் ரதங்களைச் செய்துவிட்டார்கள். அங்கே முடியாமல் கிடக்கும் வேலைகளில், பாறையைக் கட்டம் கட்டமாகப் பள்ளம் இழுத்துப் பிரித்து, நடுவில் துருத்தும் கல்லைத் தட்டி எடுத்த முறை இன்றும் தெரிகிறது.

பெருவின் இன்கா சுவர்களைப் பற்றியும் இதே கதை உண்டு. கட்டடக் கலை அறிஞர் ஜான் பியர் புரோட்சன் அங்குள்ள கற்சுரங்கங்களில் கிடந்த சம்மட்டிக் கற்களைக் கையில் எடுத்தார். சிறிய ஆண்டசைட் கல் ஒன்றின் மூன்று முகங்களைச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சமன்செய்தார்; 1985இல் அதை எழுதி வெளியிட்டார். இரும்பே இல்லாமல் அது முடிந்தது. நம்மவர்களிடம் இரும்பு உளி இருந்தது. மழுங்கிய முனையைக் காய்ச்சி அடித்துத் தரக் கொல்லர் இருந்தார்.

சிற்பியான மகனின் திறமை கண்டு பொறாமையில் தந்தை அவனைக் கொன்றதால் வேட்டுவன் கோயில் பாதியில் நின்றது என்பார்கள். அந்தக் கதையை நானும் விரும்பிக் கேட்பேன். ஆனால் இவ்வளவு பாறையை ஒரு சிற்பி தனியாக வெட்டியிருக்க மாட்டார், ஒருவர் சாவால் ஒரு கூட்டத்தின் வேலை நின்றுவிடவும் செய்யாது. அரசு ஆதரவு குறைந்தாலே போதும். அதே மலையின் சமணச் சிற்பங்களுக்குக் கீழே, செய்வித்தவர்களின் பெயரையும் ஊரையும் வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அத்தனையும் மனிதர்களின் பெயர்கள்.