ஒரு ராத்திரிக்கு ஒரு அறை

போன வருஷம் ஆடி மாசம். வங்கியில் அன்றைய கணக்கை முடித்துக் கிளம்பும் நேரத்தில் மாட்டுத்தாவணியிலிருந்து போன் வந்தது. "அண்ணே, வந்துட்டோம். எங்கிட்டுப் போறது?"

அவன் நம் வாசகன். கிறித்தவத் தலித். அவள் ஆதிக்க சாதியில் பிறந்த இந்துப் பெண். இருவரும் வயது வந்தவர்கள். இருவருமே இந்துவாக இருந்திருந்தால், அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தின்படி அன்றைக்கே நாலு தோழர்கள் முன்னால் மாலை மாற்றியிருக்கலாம். மதம் வேறு என்பதால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியில் போனார்கள். அதற்கு 30 நாள் நோட்டீஸ். பேரும் ஊரும் பதிவு அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்கும். அந்த 30 நாளும் எங்கே போய் இருப்பது என்று சட்டம் சொல்லவில்லை.

செல்போன் செயலியில் என் பேரில் அறை போட்டுப் பணமும் கட்டினேன். லாட்ஜில் இருந்தவர் ஆதார் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் மதுரை மாவட்டமால்ல இருக்கு. லோக்கல் ஐடி எடுக்கிறதில்ல சார். கல்யாண சர்டிபிகேட் இருக்கா?" நோட்டீஸ் கொடுத்திருப்பதைச் சொன்னேன். "அப்ப ஆனதுக்கப்புறம் வாங்க. போலீஸ் வந்தா யாரு பதில் சொல்றது?"

கல்யாணம் செய்ய 30 நாள் காத்திரு என்கிறது சட்டம். கல்யாணம் ஆகாமல் ஒரு ராத்திரிகூடத் தங்காதே என்கிறது லாட்ஜ். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அரிவாளோடு வண்டி வந்து நிற்கிறது.

நாள் வாடகைக்கு விடும் வீடுகளையும் செயலி வண்டிகளையும் உள்ளாட்சி கட்டுப்படுத்த வேண்டும் என்று உலகம் முழுக்க இப்போது பேசுகிறார்கள். நியூயார்க்கில் 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர் மாநகராட்சியில் பதிய வேண்டும் என்ற சட்டம் 2023 செப்டம்பரிலிருந்து கறாராக அமலாகிறது. குடியிருக்க வீடில்லாமல் வாடகை ஏறுகிறது என்பது அங்கே காரணம். நியாயந்தான். இங்கே என்ன நடந்தது? 2019 ஜூனில் கோவையில் நாள் வாடகைக்கு விடப்பட்ட ஒரு அடுக்ககத்தை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கல்யாணமாகாத இருவர் விடுதியில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, அந்த வருஷம் டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சீலை அகற்றச் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது. லாட்ஜ்காரர் அதைப் படிக்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது காக்கி மட்டும்தான்.

தோழர்களே, அறையும் வண்டியும் நமக்குப் புதுப் பிரச்சினை அல்ல. பாபாசாகேப் தன் வாழ்க்கையிலிருந்து எழுதி வைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எதைப் பற்றியது? 1901இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன் அம்பேத்கருக்கு, இரட்டைக் கூலி கொடுத்தும் மாட்டு வண்டிக்காரன் வண்டி ஓட்டவில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடாவில் வேலைக்குப் போனபோது தங்க இடமில்லாமல், பார்சிப் பேரில் ஒரு பார்சி விடுதியில் இருந்தார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். 1929இல் சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றிப்போக மறுத்தார்கள். நம் பிள்ளைகள் இன்றைக்கும் வேறு பேரில்தான் அறை எடுக்கிறார்கள்.

செயலி சாதி கேட்பதில்லையே என்று மாணவத் தோழர்கள் சொல்கிறார்கள். பாதி உண்மை. என் சித்தப்பா மகன் ஆட்டோ ஓட்டுகிறான். எங்கள் காலனிக்கு வெளியே இருக்கிற ஸ்டாண்டில் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. செயலி வந்ததும் எந்தச் சங்கத் தலைவனையும் கும்பிடாமல் சவாரி கிடைத்தது. அந்த விடுதலை பொய்யில்லை. ஆனால் பிறகு கமிஷன் ஏறியது. நட்சத்திரம் குறைந்தது. ஒருநாள் கணக்கையே முடக்கினார்கள். "யார்கிட்டண்ணே போய்க் கேக்குறது? ஸ்டாண்டுல திட்டுறதுக்காவது ஒரு மூஞ்சி இருந்துச்சு" என்றான். அமெரிக்காவில் வீட்டு வாடகைச் செயலி ஒன்றை ஆராய்ந்தவர்கள், கறுப்பினத்தார் பெயர் தெரிந்தாலே இடம் கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவதைக் கண்டார்கள். அங்கே பெயர். இங்கே பெயர், அப்பன் பெயர், ஊர், தெரு.

வண்டிச் செயலிகளுக்கு உரிமம் தரும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மாநில அரசிடம் கொடுத்தது. சொந்த வண்டி ஓட்டுகிறவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் தர வேண்டும் என்கின்றன ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்கள். மாமன்றத்துக்கு இதில் பேச்சே இல்லை. எங்கள் வார்டு கவுன்சிலரிடம் என் தம்பி போனால் அவர் என்ன செய்ய முடியும்?

சரி, உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடு என்று கேட்போமா? கேட்கத்தான் வேண்டும். ஆனால் மேலவளவை மறந்துவிட்டுக் கேட்கக் கூடாது. ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதிகாரம் காகிதத்தில் நம்மிடம் இருந்தது. ரோடு அவர்களிடம் இருந்தது. ஆகவே அதிகாரம் எவர் கையில், எதன் மேல் என்று பிரித்துக் கேட்போம்.

பொது வண்டியிலும் விடுதியிலும் தீண்டாமை பார்ப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். 'இது லாட்ஜ் இல்லை, என் வீடு' என்று சொல்லி, செயலியில் அறை விடுகிறவர் தப்பக் கூடாது. காசுக்கு ஒரு நாள் அறை விடுகிற எவரும் மாநகராட்சியில் பதியட்டும். நெருப்பு, கக்கூஸ், தண்ணீர், வாடகை ஆகியவற்றை மாநகராட்சி சோதிக்கட்டும். சாதி பார்த்து மறுத்தால் உரிமம் போகட்டும். வயது வந்தவர் என்பதற்கு ஒரு அட்டை போதும். தாலியையும் சர்டிபிகேட்டையும் கேட்கக் கூடாது. உள்ளூர் முகவரி என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. தங்கியவர் பெயர் எழுதிய நோட்டு, தேடி வருகிற மாமன் மச்சான் கைக்குப் போகக் கூடாது.

உசிலம்பட்டிப் பக்கத்து விமலாதேவி தலித் இளைஞரை மணந்தார். 2014இல் பிணமானார். அவர் கணவர் தொடுத்த வழக்கில் 2016 ஏப்ரலில் உயர்நீதிமன்றம், மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேரத் தொலைபேசியும் வேண்டும் என்றது. பாதுகாப்பு இல்லங்கள் பற்றி 2018இல் உச்சநீதிமன்றம் பேசியது. அன்று சாயங்காலம் அந்த இருவரும் அழைத்தது எந்த அரசு எண்ணையும் அல்ல, என்னை.

அன்று ராத்திரி ஒரு தோழரின் வீட்டு மாடியில் படுத்தார்கள். 30 நாளில் ஏழு வீடு மாறினார்கள். இன்று வேறு ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். ஏழு வீட்டுத் தோழர்களுக்கும் நன்றி. ஆனால் ஒரு மாநகரம் செய்ய வேண்டியதை ஏழு மாடிகள் எத்தனை காலம் செய்யும்? அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு முன்பாக உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதைக் கேளுங்கள். அதுவரை, உங்கள் வீட்டு மாடியின் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.