அலாரம் அடித்தால் யார் வருவார்கள்?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பெரும் செல்வராக வாழ்ந்தவர் கூரத்தாழ்வான். நாள் முழுதும் அன்னதானம் முடிந்து, இரவில் அவர் மாளிகைக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சி வரதராஜர் சந்நிதி வரை கேட்டது என்று வைணவப் பெரியோர் சொல்வார்கள். திருட்டு அலாரம் எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். கதவு அசைந்தால் ஊருக்குக் கேட்க வேண்டும். அலாரத்தின் வேலை அவ்வளவுதான்!

ஆனால் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை கேமரா மாட்டலாம்?" என்பதே. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். காலையில் கம்ப்யூட்டர் திரையில் திருடனைப் பார்த்துக் கொண்டிருக்கலாம். திருடும் நேரத்தில் யாருக்கும் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலே சாட்சி. 2006-ல் அங்கிருந்து நடராஜர் உள்ளிட்ட சிலைகள் களவு போயின. கோயில் பூட்டியே கிடந்ததால் 2008-ல்தான் விஷயம் வெளியே வந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் அந்த நடராஜரை சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது! சிலை திரும்பி வந்தது 2014-ல்.

எனவே என் கருத்தில், கையில் உள்ள பணத்தை முதலில் கதவுகளுக்குச் செலவிடுங்கள். கதவிலும் நிலையிலும் பொருத்தும் காந்த சென்சார் விலை மலிவு, எளிதில் ஏமாறாது. அறைக்குள் ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் பி.ஐ.ஆர். சென்சார் உடல் வெப்பத்தை வைத்து வேலை செய்கிறது. நம் ஊர் மே மாதத்தில் அறையே உடல் சூட்டுக்கு வந்துவிட்டால் அது தடுமாறும். பல்லி அதன் மேல் ஊர்ந்தாலும் அலறும். (கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.) இப்படி நாலு முறை அலறினால் 'புலி வருது' கதைதான். ஐந்தாம் நாள் நீங்களே ஸ்விட்சை அணைத்துவிடுவீர்கள். தறியும் பட்டு நூலும் உள்ள வீடானால், பி.ஐ.ஆரை வெயில் விழும் ஜன்னலைப் பார்க்க வைக்காதீர்கள்.

அடுத்து, செய்தி எப்படிப் போகும்? பிராட்பேண்ட் மட்டும் போதாது. கரண்ட் போனால் மோடமும் போய்விடும். பேட்டரியில் ஓடி, சிம் மூலம் தானே போன் செய்யும் கருவியாகப் பாருங்கள். பழைய 2ஜி கருவிகளில் ஜியோ சிம் வேலை செய்யாது என்பதையும், ரீசார்ஜ் முடிந்த சிம் ஊமை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேமராவும் வேண்டும் என்றால், தாராளமாக வையுங்கள். ஆனால் அதனுடன் வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ், பாஸ்வேர்ட் மாற்றப்படாத கேமராக்களுக்குள்ளும் டி.வி.ஆர்.களுக்குள்ளும் லட்சக்கணக்கில் புகுந்தது. அவற்றைக் கொண்டே அக்டோபர் 21 அன்று பல பெரிய வெப்சைட்டுகளை முடக்கினார்கள்.

கருவியில் போன் எண்களைப் பதியும்போது முதலில் உங்கள் எண்ணைப் போடாதீர்கள். நீங்கள் திருப்பதியில் வரிசையில் நிற்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் எண்ணை முதலில் போடுங்கள். ஒருநாள் ராத்திரி அவருக்குத் தெரிவித்துவிட்டு அலாரத்தை அடிக்க விட்டு, அவர் போனை எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.