அதுவும் ஒரு ஷிப்ட்தான்!

சனி, ஞாயிறு ராத்திரியில் உங்கள் வீட்டு ரிமோட் யார் கையில்? தாத்தா கையில் இருந்தால் செய்தி. பாட்டி கையில் இருந்தால் தொடர். உங்கள் கையில் இருந்தால்... சந்தேகமே வேண்டாம். பாட்டுப் போட்டி, டான்ஸ் போட்டி, சமையல் போட்டி, இல்லாவிட்டால் ஆளில்லாத் தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டு, 'பிழைத்துக் காட்டு பார்க்கலாம்' என்று சொல்லும் போட்டி!

ஓசூர், தளி, பாகலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் இரட்டை விருந்து. தமிழில் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' பார்க்கலாம், கன்னடத்தில் 'டிராமா ஜூனியர்ஸ்' பார்க்கலாம். வீட்டில் தெலுங்கும் பேசுவீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்! குரல் தேர்வு சென்னையில் நடந்தால் 300 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். பெங்களூரில் நடந்தால் 40 கிலோ மீட்டர்தான். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும். 2015ம் ஆண்டு 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' பட்டம் வென்ற ஸ்பூர்த்தி பெங்களூருப் பெண்தான். அதனால், 'நாமும் போனால் என்ன?' என்ற ஆசை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருவதில் ஆச்சரியமே இல்லை.

ஆசைப்படுங்கள், தப்பே இல்லை. ஆனால் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். திரையில் பார்க்க அது விளையாட்டு மாதிரி இருக்கும். திரைக்குப் பின்னால் அது வேலை. சிப்காட்டில் உங்கள் அப்பாவோ, சித்தியோ, பக்கத்து வீட்டு மாமாவோ பார்க்கிறார்களே, அதே மாதிரி நேரம் குறித்து, ஆள் வைத்து, பொருள் செய்து விற்கும் வேலை. ஒரு வாகனத் தொழிற்சாலையில் கடைசியில் வெளியே வருவது பைக். இங்கே வெளியே வருவது ஒரு மணி நேர நிகழ்ச்சி. அவ்வளவுதான் வித்தியாசம்!

முதலில் குரல் தேர்வு நாளை எடுத்துக்கொள்வோம். டி.வி.யில் எப்படிக் காட்டுகிறார்கள்? ஒரு பையன் கதவைத் திறந்து உள்ளே வருகிறான், பிரபல நடுவர்கள் சிரிக்கிறார்கள், பாடுகிறான், 'செலக்டட்!' என்கிறார்கள். நிஜத்தில் அந்தக் கதவுக்கு முன்னால் இன்னும் சில கதவுகள் உண்டு. விடிகாலையிலேயே வரிசை. சட்டையில் ஒரு எண் குத்துவார்கள். அன்றைக்கு முழுதும் உங்கள் பெயர் அந்த எண்தான். முதலில் நிகழ்ச்சிக் குழுவைச் சேர்ந்தவர்கள், முகம் தெரியாதவர்கள், ஒரு சின்ன அறையில் இரண்டு வரி பாடச் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் பயணம் அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் டி.வி.யில் பார்க்கும் நடுவர் முகத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை.

அதைத் தாண்டினால் கேள்விகள். 'அப்பா என்ன வேலை? வீட்டில் என்ன கஷ்டம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?' பாடத்தானே வந்தோம், இதெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறதா? நிகழ்ச்சிக்குப் பாட்டு மட்டும் போதாது குட்டீஸ், கதையும் வேண்டும். நன்றாகப் பாடும் இரண்டு பேரில், மனசைத் தொடும் கதை உள்ளவர் பக்கம் தராசு கொஞ்சம் சாய்வது இந்தத் தொழிலின் வழக்கம். உங்கள் வீட்டுக் கதையை ஊருக்கெல்லாம் சொல்லலாமா, வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். கேமரா முன் வந்த பிறகு யோசிக்க நேரம் தரமாட்டார்கள்.

அப்புறம் படப்பிடிப்பு. அப்பப்பா! அதில் பாதிக்கு மேல் காத்திருப்புதான். விளக்குகளைச் சரி செய்வார்கள், மைக் வேலை செய்யாது, இன்னொருவரின் சுற்று முடியாது. மேக்கப் கலையாமல், உடை கசங்காமல் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் முறை வந்ததும் சுட்டெரிக்கும் விளக்குக்குக் கீழே, 'இன்னொரு தடவை அந்தக் கதவு வழியா வா, அம்மாவை இன்னொரு தடவை கட்டிப்பிடி' என்பார்கள். முதல் தடவை கட்டிப்பிடித்தது சந்தோஷத்தில். மூன்றாவது தடவை கட்டிப்பிடிப்பது? நடிப்பில்!

இவ்வளவும் எடுத்து என்ன செய்வார்கள்? ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரத்துக்கு 12 நிமிடம் வரை போகலாம் என்பது விதி. மிச்சம் 48 நிமிடம். அதில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், நடுவர்கள், தொகுப்பாளர், 'போன வாரம் நடந்தது' எல்லாம் அடங்க வேண்டும். நாள் முழுக்க எடுத்ததில் உங்கள் பங்காக வருவது சில நிமிடம்தான். எந்தச் சில நிமிடம் என்று முடிவு செய்வது எடிட்டிங் மேஜை. நீங்கள் பத்து முறை சிரித்து ஒரு முறை கண் கலங்கியிருந்தால், அந்த ஒரு முறைதான் சோக இசையோடு மெதுவாக, மெதுவாக ஓடும்! நீங்கள் பாடும்போது நடுவர் புருவத்தைச் சுருக்கினாரே, அது வேறொருவர் பாடும்போது எடுத்ததாகக்கூட இருக்கலாம்.

'அப்படின்னா எல்லாமே செட்டப்பா? யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்களா?' என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் 1956ம் ஆண்டு 'ட்வென்டி ஒன்' என்று ஒரு வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கியது. சார்லஸ் வான் டோரன் என்ற இளம் ஆசிரியர் அதில் வாரா வாரம் ஜெயித்து நாடே கொண்டாடும் நாயகன் ஆனார். 1959ல் அவரே நாடாளுமன்றக் குழு முன்னால் உண்மையைச் சொன்னார். கேள்வியும் பதிலும் முன்கூட்டியே அவருக்குத் தரப்பட்டிருந்தன. எங்கே திணற வேண்டும் என்பது வரை சொல்லித் தந்திருந்தார்கள்! 1960ல் அந்த நாட்டில் இப்படி ஏமாற்றுவதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. எல்லா நிகழ்ச்சியும் அப்படி என்று சொல்வது அநியாயம். பாட்டும் ஆட்டமும் நிஜம்தான், பயிற்சியும் வியர்வையும் நிஜம்தான். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சாகசப் போட்டிகளிலும் இப்படித்தான். 2021ல் ஜீ தமிழில் நடிகர் அர்ஜுன் நடத்திய 'சர்வைவர்' நிகழ்ச்சி ஞாபகம் இருக்கிறதா? ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டைச் சேர்ந்த சான்சிபார் தீவில் எடுத்தார்கள். விஜயலட்சுமி ஒரு கோடி ரூபாய் ஜெயித்தார். காட்டில் தன்னந்தனியாக இருப்பது போலத் தோன்றினாலும் கேமராக்காரர், ஒலிப்பதிவாளர், மருத்துவர் என்று ஒரு பட்டாளமே கேமராவின் பின்பக்கம் இருக்கும். இம்மாதிரி நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு தடையையும் முதலில் ஊழியர்களை வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஆபத்து இருந்தால் மாற்றுவார்கள். எனவே மொட்டை மாடியில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். உங்கள் மாடியில் டாக்டர் இல்லை!

ஸ்டூடியோவும் தொழிற்சாலைதான் என்று சொன்னேனே, அதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி நம் பக்கத்திலேயே கிடைத்தது. பெங்களூரை அடுத்த பிடதியில் கன்னட 'பிக் பாஸ்' வீடு இருக்கிறது. 2025 அக்டோபரில் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கழிவுநீரைச் சரியாகச் சுத்திகரிக்கவில்லை என்று அந்த ஸ்டூடியோ வளாகத்தையே மூடச் சொல்லிவிட்டது. ஆட்டத்தின் நடுவிலேயே போட்டியாளர்களை வெளியேற்றி வேறிடத்தில் தங்க வைத்தார்கள். சில நாளில் மீண்டும் திறந்தது, அது வேறு கதை. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்து வளர்ந்த ஓசூர்ப் பிள்ளைகளுக்கு மாசு வாரியம் எதற்கு வரும், எங்கே வரும் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். பெங்களூரு போகும்போது மடிவாளா தாண்டி ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. மனநலத்துக்கும் நரம்பு நோய்களுக்கும் பெயர் பெற்ற இடம். 2008ம் ஆண்டு கொல்கத்தாவில் இருந்து 16 வயது மாணவி ஒருவரை அங்கே கொண்டு வந்தார்கள். அவர் வங்காள டி.வி. நடனப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டவர். பேச்சு நின்று போயிருந்தது, கை கால் அசைவும் பாதிக்கப்பட்டிருந்தது. நடுவர்கள் எல்லார் முன்னாலும் கடுமையாகப் பேசியதுதான் காரணம் என்று பெற்றோர் சொன்னார்கள். வேறு நோய் காரணமாக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. நல்ல வேளை, சிகிச்சையில் மெல்லத் தேறினார். ஆனால் நாடு முழுவதும் ஒரு கேள்வி கிளம்பியது: பிள்ளைகளைக் கேமரா முன் நிறுத்தித் திட்டலாமா?

அதன் பிறகு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் வழிகாட்டுதல்கள் வகுத்தது. 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயது நிரம்பாத யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போக வீட்டுக்கு உதவுவதற்கும், கலைஞராக நடிப்பதற்கும், பாடுவதற்கும் மட்டும் விலக்கு தந்தார்கள். அந்த விலக்குக்கும் 2017ல் விதிகள் வந்தன. இவற்றை நீங்களும் உங்கள் பெற்றோரும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்க வேண்டும். அதாவது நீங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளையாக இருந்தாலும், சென்னையில் எடுத்தால் சென்னைக் கலெக்டர், கர்நாடகத்தில் எடுத்தால் அங்குள்ள அதிகாரி! தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசிய வங்கியில் அந்தப் பிள்ளை பெயரிலேயே வைப்புநிதியாகப் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளைக்கு விருப்பம் இல்லாவிட்டால் வற்புறுத்தவே கூடாது.

நல்ல விதிகள்தான். எனக்கு இரண்டு குறைகள் உண்டு.

ஒன்று, காத்திருக்கும் நேரம். மேடையில் நின்றது அரை மணிதான், மற்றதெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்ததுதானே என்று யாராவது கணக்குச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலையில் மெஷின் பழுதாகி ஒரு மணி நேரம் நின்றால், அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் அப்பாவின் ஷிப்டில் இருந்து கழித்துவிடுகிறார்களா? இல்லையே! அவர் கேட்டுக்குள் நுழைந்த நேரத்தில் இருந்து வெளியே வரும் நேரம் வரை ஷிப்ட்தான். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் எண்ண வேண்டும். மேக்கப் போடும் நேரமும், ஓரமாக உட்காரும் நேரமும் அந்த 5 மணிக்குள் அடங்க வேண்டும்.

இரண்டு, வயது. இந்த விதிகள் 14 வயது நிரம்பாதவர்களுக்குத்தான். 2008ல் நிம்ஹான்ஸுக்கு வந்த மாணவிக்கு 16 வயது. இன்றைக்கு அதே மாதிரி ஒருவர் போட்டிக்குப் போனால், இந்த 5 மணி நேரக் கணக்கு அவருக்குக் கிடையாது! ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 18 வயது வரை பேசுகின்றன. ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 படிக்கும் அண்ணன், அக்காக்கள் மனசும் மனசுதானே! பெரியவர்கள் இதை மாற்றியே ஆக வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது அம்மா, அப்பாதான். ஆனால், 'அதில் என்ன எழுதியிருக்கிறது, எனக்குப் படித்துக் காட்டுங்கள்' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனை நாள் பள்ளி போகும்? அழுதால் அதைக் காட்டாமல் இருப்பார்களா? நடுவில், 'போதும், வீட்டுக்குப் போகலாம்' என்றால் விடுவார்களா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

போகாத பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்குப் பல நாள் முன்பே படப்பிடிப்பு முடிந்திருக்கும். முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். தான் வெளியேறியது தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல், 'ஆல் தி பெஸ்ட்' சொல்லும் உங்களிடம் சிரித்தபடி நிற்பாள் உங்கள் தோழி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அழுவதை ஊரே பார்க்கும். மறுநாள் திங்கட்கிழமை அவள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாக வேண்டும். 'ஏன்டி அழுதே?' என்று கேட்காதீர்கள். அந்தக் காட்சியைப் போனில் எடுத்து வைத்துக் கேலி செய்யாதீர்கள். அங்கே மதியம் என்ன சாப்பாடு போட்டார்கள், அந்தப் பெரிய கிரேன் கேமரா தலைக்கு மேல் வரும்போது பயமாக இருந்ததா, கதவை எத்தனை தடவை திறக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். கதை கதையாகச் சொல்வாள்!